அந்த முப்பத்தொரு படம்

செல்வம், கேமராவைத் திறந்துராதலே. பெட்டியில மேலாப்புல இந்தக் கடிதத்தைத்தான் வச்சிருக்கேன், நீ முதல்ல இதைத்தான் எடுப்பேன்னு நம்பி. எடுத்தா உக்காந்து படி. நின்னுக்கிட்டுப் படிக்கிற விசயம் இல்ல. போன்ல சொல்லியிருக்கலாமேன்னு உனக்குத் தோணும். மூணு ஞாயித்துக்கிழமை இதைச் சொல்லத்தான் போன் போட்டேன். மூணு தடவையும் சாப்பிட்டியா, அங்க மழை உண்டா, பொண்ணு வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டுட்டு வச்சுட்டேன். கடைசித் தடவை நீயே கேட்ட, வேற ஏதும் சொல்லணுமாப்பான்னு. ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.

ஆவணியில உனக்குக் கல்யாணம். மணவறைக்குப் பக்கத்துல உங்கம்மா படத்தைப் பெரிசாப் போட்டு வைக்கணும்னு ஆசைப்பட்டு, அவளை நீ எடுத்து வச்ச பிலிமைக் கழுவணும், கேமராவைப் பஸ்ஸுல குடுத்து விடுங்கன்னு கேட்ட. குடுத்து விட்டுட்டேன். ஆனா நீ கேட்டது இதுக்குள்ள இல்ல. கேமராவுக்கு மேல நம்பர் முப்பத்தொண்ணு தாண்டித்தான் நிக்கும். அது பொய் நம்பர். உள்ள இருக்கிறது வேற பிலிம். உங்கம்மா படம் முப்பத்தொண்ணையும் நான் அழிச்சுட்டேன். வேணும்னு செய்யல. ஆனா செஞ்சது நான்தான். இதைச் சொல்லாம விட்டா நீ கழுவிப் பார்ப்ப, வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும், பிலிமைச் சரியா மாட்டாம விட்டுட்டோமேன்னு உன்னையே நீ திட்டிக்கிருவ. கல்யாணத்தன்னைக்கும் அதே நினைப்புல நிப்ப. உன்னை எனக்குத் தெரியும், எட்டாங்கிளாஸ்ல தொலைச்ச குடைக்கு இன்னும் வருத்தப்படுறவன் நீ. என் தப்பை நீ சுமக்கக்கூடாது. அதுக்குத்தான் எழுதுறேன்.

பிலிம்னா எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியும். ஏன் ஆகாதுன்னு நான் உக்காத்தி வச்சுச் சொன்னதில்ல. சிவகாசியில இருபத்தெட்டு வருசம் பிரஸ்ஸோட இருட்டு ரூம்லதான் கிடந்தேன். பாதி ரூமை அடைச்சுக்கிட்டு ஒரு பெரிய கேமரா நிக்கும். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுற லேபிளை அது முன்னால மாட்டி, பிலிம் எடுத்து, தட்டுல மருந்தை ஊத்திக் கழுவணும். வெளிச்சம்னு ஒரே ஒரு சிவப்பு பல்பு. நாங்க புழங்கின பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் கண்ணுல படாது, அதனால அந்தச் சிவப்புல நாள் பூரா வேலை பார்க்கலாம். கலர் வேலை வந்தா வெளிய குடுத்து வாங்கிக்கிருவாக, எங்க ரூம்ல அந்த ஒரே வகைப் பிலிம்தான். காலையில உள்ள போனா மத்தியானம் சோத்துக்குத்தான் வெளிய வருவேன். வெயில் மூஞ்சியில அறையும். கொஞ்ச நேரம் செவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும். கையில மருந்து நாத்தம் எம்புட்டுச் சோப்புப் போட்டாலும் போகாது, சின்னப்பிள்ளையில நான் தூக்கினா நீ மூக்கைத் திருப்பிக்கிருவ. கம்ப்யூட்டர் வந்து, பிலிம் இல்லாமலே படம் நேரா அச்சுப் பிளேட்டுக்குப் போயிரும்னு ஆனப்ப, ரூம்ல இருந்த மத்தவங்களுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. நான் இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்துட்டு வந்தேன். நாப்பத்தஞ்சு வயசுல மவுசைப் பிடிக்கக் கத்துக்கிட்டேன். தப்புப் பண்ணினா கீபோர்டுல ஒரு கட்டையை அமுக்கினாப் போதும், பண்ணாத மாதிரி ஆயிரும். மனுசனுக்கு இதைவிடப் பெரிய வரம் உண்டான்னு நினைச்சேன்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்கு நீ முதல் சம்பளத்துல, எவனோ கழிச்சுப் போட்ட பழைய பிலிம் கேமராவைத் தூக்கிட்டு வந்து நின்ன. எனக்கு வந்த கோவம் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் குழியில இருந்து ஏறி வந்தா இவன் அதே குழிக்குள்ள இறங்கப் பார்க்கானேன்னு கத்தினேன். மெட்ராஸ்ல நாள் பூரா கம்ப்யூட்டர்ல படம் போடுற வேலை உனக்கு. ஞாயித்துக்கிழமையாவது எங்கிட்டுப் போனாலும் அழிக்க முடியாத ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போகணும்னு சொன்ன. உன் கூட்டாளி ஒருத்தன் தாடியும் அதுவுமா வந்திருந்தான், பிலிம்லதான் ஆத்மா இருக்குன்னு சொன்னான். ஆத்மா இல்லலே, வெள்ளி உப்பும் மாட்டெலும்புப் பசையும்தான் இருக்கு, நான் இருபத்தெட்டு வருசம் மோந்து பார்த்தவன்னு சொன்னேன். அவன் குனிஞ்சு காப்பியைக் குடிச்சான். நீ மட்டும் விடல. போன்ல எடுத்தா எடுத்த நிமிசமே எல்லாரும் குனிஞ்சு படத்தைப் பார்க்கோம், எதிர்ல நின்ன ஆளை விட்டுர்றோம்னு சொன்ன. இதுல பார்க்க ஒண்ணும் கிடையாது, அதனால ஆளைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும்னு சொன்ன. முப்பத்தாறுதான் இருக்குன்னு தெரிஞ்சா ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு நிமிசம் நிதானிப்போம், அந்த ஒரு நிமிசம்தான் வேணும்னு சொன்ன. ஆளு மேல பட்ட வெளிச்சம் நேரா வந்து பிலிம்ல விழுது, நடுவுல யாரும் கிடையாதுன்னும் சொன்ன. எனக்கு எல்லாம் பெரிய பேச்சாத்தான் பட்டுச்சு. படிச்ச பிள்ளைக்கு வந்த பைத்தியம்னு உங்கம்மாகிட்ட சொன்னேன்.

அவ என்ன சொன்னா தெரியுமா. சொல்லல, சிரிச்சா. வாயைக் கையால மூடிக்கிட்டு. முன்பல்லு உடைஞ்ச நாள்ல இருந்து அப்படித்தான் சிரிப்பா. அவளுக்குச் செல்போன்ல நாம கத்துக்குடுத்தது பேசவும் வைக்கவும்தான். தானாக் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, தன் படத்தை அழிக்கிறது. நீ எடுத்தாலும் சரி, காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரங்க எடுத்தாலும் சரி, குடுய்யா பார்ப்போம்னு வாங்கி, பார்த்துட்டு, அழிச்சுட்டுத்தான் திருப்பிக் குடுப்பா. இருபது வருசத்துல அவ படம்னு நம்ம வீட்டுல தங்கினது ஆதார் அட்டையில இருக்கிறது மட்டும்தான். அதையும் அழிக்க வழி தெரியாம விட்டுட்டா. நீ அந்தக் கேமராவைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சதுக்குப் பாதிக் காரணம் உங்கம்மாதான்னு எனக்கு அப்ப உறைக்கல. அவ கைக்கு எட்டாத இடத்துல அவளை எடுத்து வைக்கணும்னு நினைச்சிருக்க.

போன வருசம் மாசி மாசம் நீ லீவுல வந்தப்ப அவ வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனிக்கே போய்ட்ட. உள்ள போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டுலயே வாங்கி வச்சுக்கிருவாக. பேட்டரி வச்ச எந்தச் சாமானும் உள்ள ஆகாது. போர்மேன் உன் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இதுல பேட்டரி எங்கன இருக்குன்னு கேட்டிருக்காரு. கிடையாதுன்னு சொன்ன. அப்ப எதுலலே ஓடுதுன்னு கேட்டாராம். நீ கையால இழுத்து, அமுக்கிக் காட்டினதும், காதுக்கிட்ட வச்சுச் சத்தத்தைக் கேட்டுட்டு, வெடிமருந்து செட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது, பொம்பளைக சாப்பிடுற வேப்பமரத்தடியில மட்டும் எடுத்துக்கன்னு விட்டிருக்காரு. இதெல்லாம் அன்னைக்குச் சாயங்காலம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எம்புட்டுச் சந்தோசமாச் சொன்ன நீ. அங்க போற பொம்பளைக ஒருத்திக்கும் அந்த மரத்தடியில எடுத்த படம்னு ஒண்ணு கிடையாதாம். அன்னைக்கு முப்பத்தொண்ணு எடுத்ததாகவும், மிச்சம் அஞ்சை எனக்கும் அம்மாவுக்கும்னு வச்சிருக்கிறதாகவும் சொன்ன. மாடிப்படிக்கிட்ட வெளிச்சம் நல்லா இருக்குப்பா, வந்து நில்லுங்கன்னு கூப்பிட்ட.

இங்கதான் என் முதல் தப்பு. உங்கம்மா சேலை மாத்திக்கிட்டு வந்து நின்னுட்டா. படம்னாலே ஓடுறவ, தலையை ஒதுக்கிக்கிட்டு மாடிப்படிக்கிட்ட போய் நின்னா. நான் எந்திரிக்கல. டிவியில ஏதோ ஓடிக்கிட்டு இருந்துச்சு, என்னன்னுகூட இப்ப ஞாபகம் இல்ல. சும்மா கிடலே, உன் பைத்தியத்துக்கு என்னைய வேற சேர்க்காதன்னு சொன்னேன். நீ ரெண்டு தடவை கூப்பிட்ட. அவ ஒரு தடவைகூடக் கூப்பிடல. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, "விடுய்யா, அவரு அப்படித்தான். தீபாவளிக்கு வருவேல்ல, அப்ப எடுத்துக்கலாம்"னு சொல்லிட்டு உள்ள போய் உலை வச்சா. அஞ்சு நிமிசம் நான் எந்திரிச்சு வந்து நின்னிருந்தா அந்த பிலிம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும், நீ கையோட கொண்டுபோய்க் கழுவியிருப்ப. அதுல மிச்சம் இருந்ததே என்னாலதான். எங்க ரெண்டு பேரையும் சேர்த்து நிக்க வச்சு எடுக்கணும்னுதான் நீ கேமராவை அலமாரியில வச்சுட்டுப் போன.

அதுக்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். ஆனி மாசம், காலையில அவளை ஏத்திக்கிட்டுப் போற கம்பெனி வேன் வர்ற நேரம். தூக்குவாளியில சோத்தைப் போட்டு மூடிட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. வாசல்ல வேன்காரன் ஹாரன் அடிச்சான். அந்த வேன்லயே தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினோம், சாத்தூர் ரோடு தாண்டுறதுக்குள்ள போயிட்டா. உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. நீ பதினாறாம் நாள் முடிச்சு விருதுநகர்ல ரயிலேறிப் போன பிறகும் ஒரு வாரம் அந்த வேன்காரன் பழக்கத்துல நம்ம வீட்டு முன்னால ஹாரன் அடிச்சான். அடிக்காதப்பான்னு ஒருநாள் போய்ச் சொல்லணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நான் சொல்றதுக்கு முன்னாலயே அவனா நிறுத்திட்டான். நிறுத்தினது அதைவிடக் கொடுமையா இருந்துச்சு. இப்பவும் காலையில வேன் போற சத்தம் கேக்கும், நம்ம வீட்டுக்கிட்ட வேகம் குறையாமப் போகும். நான் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

மாலை போட்டு வைக்க ஒரு படம் வேணும்ல. ஆதார் அட்டையை நகல் எடுத்து, பிரஸ்ஸுக்குப் போய் நானே கம்ப்யூட்டர்ல உக்காந்து சரி பண்ணினேன். காலண்டருக்கு லட்சுமியையும் முருகனையும் பண்ணின கை இது. கன்னத்துல இருந்த மங்குத் திட்டை எடுத்தேன். கண்ணுக்குக் கீழ கறுப்பை எடுத்தேன். நிறத்தைக் கொஞ்சம் ஏத்தினேன், இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். நெத்தியில பெரிய பொட்டு வச்சேன். வேலை செய்யச் செய்ய நல்லா வருதேன்னு ஒரு திருப்தி. வீட்டுல கொண்டாந்து மாட்டினதும் நீ ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்ன. மாலையை மட்டும் சரி பண்ணிவிட்ட. ஆனா எனக்கு விளங்கிருச்சு. தினம் சாயங்காலம் விளக்குப் போடும்போது அந்த அம்மாவை நிமிர்ந்து பார்ப்பேன், எனக்கும் அது யாருன்னு தெரியல. நான் வாழ்ந்தது அவகூட இல்ல.

அதனாலதான், நீ போன பிறகு, அலமாரியைத் திறந்தேன். எனக்கு அவளைப் பார்க்கணும்லே. நான் நிறம் ஏத்தாத முகத்தைப் பார்க்கணும். மிச்சம் அஞ்சு எடுக்க இனி ஆளு யாரு, முப்பத்தொண்ணையும் கழுவிப் பிரிண்டு போட்டு உனக்கு அனுப்பி வைப்போம், பையன் அசந்து போவான்னு நினைச்சேன். கழுவுறதுக்கு யாரைக் கேக்கணும், நானே கழுவுறவன்தானே. மதுரைக்குப் போய், போட்டோ சாமான் விக்கிற கடையில மருந்து வாங்கிட்டு வந்தேன். பரண்ல கிடந்த தட்டு மூணையும் இறக்கினேன். உச்சி வெயில் நேரம், குளிக்கிற ரூம் ஜன்னல்ல கம்பளியை அடிச்சு, கதவிடுக்குல துணியைத் திணிச்சு, என் பழைய சிவப்பு பல்பை மாட்டினேன். ஒரு பொட்டு வெயில் உள்ள வரலை. எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தெரியுமா. கை எதையும் மறக்கல. கேமராவைத் திறந்து, பிலிமை முழுசா உருவி, சிவப்பு வெளிச்சத்துல ஒரு தடவை தூக்கிப் பார்த்துட்டு, மருந்துல விட்டேன்.

எங்க பிலிம்ல எழுத்து ஓரத்துல இருந்து மெதுவா கறுப்பு ஏறும், மிச்சம் வெள்ளையா நிக்கும். இது அப்படி ஏறல. ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் ஒரே சீரா கறுத்துச்சு. மருந்து கூடிப்போச்சு போலன்னு தண்ணியை ஊத்தினேன். நிக்கல. வெளிய கொண்டாந்து வெயில்ல பிடிச்சுப் பார்த்தேன். தார் பூசின மாதிரி இருந்துச்சு, ஒரு புள்ளி வெளிச்சம் அதுக்குள்ள போகல. மறுநாள் அதே மதுரைக் கடைக்குப் போய்க் கேட்டேன். அந்த ஆளு தலையில கையை வச்சுக்கிட்டாரு. ஆளுகளை எடுக்கிற பிலிம் எல்லா நிறத்தையும் பார்க்கும்ண்ணே, அதுக்குச் சிவப்பும் வெளிச்சம்தான், முழு இருட்டுலதான் தொடணும்னு சொன்னாரு. படம் எடுக்கிற சின்னப் பையனுக்குக்கூட இது தெரியுமாம். பிலிம் தெரியாதவன் எவனும் பிரிச்சிருக்க மாட்டான், உங்கிட்ட குடுத்திருப்பான். தெரிஞ்சவன் எவனும் சிவப்பு பல்பு போட்டிருக்க மாட்டான். இருபத்தெட்டு வருசம் அந்த ஒரே பிலிமைக் கழுவினவன் மட்டும்தான் இந்தத் தப்பைப் பண்ண முடியும். எந்தக் கட்டையை அமுக்கினா அது திரும்பி வரும்னு அந்தக் கடை வாசல்லயே உக்காந்துட்டேன்.

அடுத்ததுதான் தப்புலயே பெரிய தப்பு. அதே கடையில அதே மாதிரி பிலிம் ஒண்ணு வாங்கி, போடுற விதத்தையும் கேட்டுக்கிட்டு வந்தேன். கேமராவுல போட்டு, கண்ணாடி மூடியைக் கழட்டாம, முப்பத்தொண்ணு வர்ற வரைக்கும் இழுத்து இழுத்து அமுக்கினேன். பெத்த பிள்ளையை ஏமாத்த உக்காந்து எண்ணினேன்லே. உனக்குத் தெரியக்கூடாதுன்னு நினைச்சேன், நீ எப்படியும் ஒருநாள் கழுவுவேங்கிறது அந்த நேரம் புத்தியில ஏறல. தீபாவளிக்கு நீ வந்த. துக்க வருசம், ஊரெல்லாம் வெடிச் சத்தம், நாம ரெண்டு பேரும் கதவை அடைச்சுக்கிட்டு உள்ள இருந்தோம். நீ அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்து நம்பரைப் பார்த்த. "அஞ்சு அப்படியே இருக்குப்பா"ன்னு சொன்ன. எடுத்த இடத்துலயே திரும்ப வச்சுட்ட. நான் அப்ப சொல்லியிருக்கலாம். வீட்டுல வேற ஆளு இல்ல, நீயும் நானும்தான். நான் எந்திரிச்சுப் போய் உனக்குக் காப்பி போட்டேன்.

நீ கல்யாணத்துக்கு அந்தப் படம் வேணும்னு கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கல. நான் அழிச்ச பிலிம்ல என்னதான் இருந்துச்சுன்னாவது தெரிஞ்சுக்கிட்டு உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு. போன செவ்வாய்க்கிழமை கேமராவைத் தோள்ல மாட்டிக்கிட்டு உங்கம்மா வேலை பார்த்த கம்பெனிக்குப் போனேன். இருபத்திரெண்டு வருசம் அவ போய் வந்த இடம். நான் அந்தக் கேட்டைத் தாண்டுறது இதுதான் முதல் தடவை. போர்மேனுக்குக் கேமராவை ஞாபகம் இருந்துச்சு, சாப்பாட்டு நேரத்துக்கு உள்ள விட்டாரு. வேப்பமரத்தடியில பொம்பளைக வட்டமா உக்காந்து தூக்குவாளியைத் திறந்துக்கிட்டு இருந்தாளுக. காளியம்மா, அதான் உங்கம்மாகூடச் சேர்ந்து சரவெடி பின்னினவ, என்னையப் பார்த்ததும் எந்திரிச்சு, வாங்கண்ணே, போட்டோ கொண்டாந்துட்டீகளான்னு கேட்டா. ஒரு வருசமா அவளுகளும் காத்துக்கிட்டு இருந்திருக்காளுக. அவளுக முகமும் அதுக்குள்ளதான இருந்துச்சு. அதை நான் நினைச்சே பார்க்கல.

உனக்கு முன்னால அவளுககிட்டதான் சொன்னேன். நின்னுக்கிட்டே, நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரும் சோத்துல கை வைக்கல. காளியம்மாதான் கடைசியில, உங்கம்மா பேரைச் சொல்லி, "அப்ப பாக்கியம் சிரிச்சதும் போச்சாண்ணே?"ன்னு கேட்டா. எந்தச் சிரிப்புன்னு கேட்டேன். அவ சொல்லவா வேண்டாமான்னு மத்தவளுகளைப் பார்த்தா. அப்புறம் சொன்னா. அன்னைக்கு நீ கேமராவை வச்சுக்கிட்டு நின்னப்ப இவளுகளுக்கு வெக்கமாம், ஒருத்தியும் நிமிரலையாம். அவளுகளைச் சிரிக்க வைக்க உங்கம்மா எந்திரிச்சு என்னைய மாதிரி நடிச்சுக் காட்டியிருக்கா. இருட்டு ரூம்ல இருந்து நான் மத்தியானம் வெளிய வர்ற மாதிரி. கண்ணைச் சுருக்கி, ஆந்தை மாதிரி முழிச்சு, செவத்தைத் தேடிக் கையைத் துழாவி. அவ என்னைய அந்த வேலையில பார்த்தது ஒரே தடவைதான், கல்யாணமான புதுசுல சோறு கொண்டாந்தப்ப. அதை அம்புட்டு வருசம் வச்சிருந்து அங்கன அடிக்கடி நடிச்சுக் காட்டுவாளாம். மரத்தடியே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு, அவளும் சிரிச்சிருக்கா. வாயை மூடலையாம். ரெண்டு கையும் செவத்தைத் தேடிக்கிட்டு இருந்துச்சுல்ல, மூட முடியல. அப்பதான் நீ அமுக்கியிருக்க.

எங்கிட்ட ஒருநாளும் அவ அப்படி நடிச்சதில்லலே. அவ வாயை மூடாமச் சிரிச்சு நான் பார்த்து எத்தனையோ வருசம் ஆச்சு. வேப்பமரத்தடியில பத்துப் பொம்பளைகளுக்குத் தெரிஞ்ச ஒருத்தியை நான் பார்க்காமலே விட்டுட்டேன். பார்க்கிறதுக்குன்னு நீ எடுத்து வச்சதையும் என் கையாலயே கறுப்பாக்கிட்டேன். நீ எங்க ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்கலையேன்னு இத்தனை நாளும் மருகிக்கிட்டு இருந்தேன். எடுத்திருக்க. அந்த ஒரு படத்துல நானும் அவகூட இருந்திருக்கேன். அங்கனயே அழுதுட்டேன், மறைக்க ஒண்ணுமில்ல.

கிளம்பப் போனவனைக் காளியம்மா விடல. போனது போகட்டும், நாங்க உசுரோடதானே இருக்கோம், கையில கேமராவை வச்சுக்கிட்டு எங்க ஓடுறீக, எடுங்கன்னுட்டா. எனக்கு எடுக்கத் தெரியாதும்மான்னு சொன்னேன். நிசம்தான். ஊருல உள்ள லேபிள் அம்புட்டையும் பிலிம் எடுத்தவன், ஒரு மனுச முகத்தை எடுத்ததில்ல. உங்கம்மா உக்கார்ற இடத்துல இப்ப ஒரு புதுப் பொண்ணு உக்காருது, காரியாபட்டிப் பக்கமாம். அது எந்திரிக்கப் பார்த்துச்சு. இரு தாயின்னு சொன்னேன். மூடியைக் கழட்டிட்டு உள்ள பார்த்தேன். நீ சொல்லுவேல்ல, அந்த ஒரு நிமிசம், அது வந்துச்சு. அப்புறம் அமுக்கினேன். அமுக்கின உடனே போன் பழக்கத்துல கேமராவைத் திருப்பிப் பின்னால பார்த்தேன். கறுப்புத் தோல்தான் இருந்துச்சு. நிமிர்ந்தா அவளுக எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு இருக்காளுக, நானும் அவளுகளைப் பார்த்துக்கிட்டு நிக்கேன். எம்புட்டு நேரம்னு தெரியல. நீ அன்னைக்கு வாதாடினது என்னன்னு எனக்கு அப்பதான் விளங்குச்சு.

கல்யாணம் பண்ணப் போற பிள்ளைக்குப் புத்தி சொல்லணும்னு ஒரு வழக்கம் இருக்கு. எனக்கு அதுக்கு யோக்கியதை கம்மி. இருந்தாலும் சொல்றேன், தட்டிக் கழிக்காத. வர்ற பொண்ணு ஆஸ்பத்திரியில வேலை பார்க்குதுன்னு சொன்ன. அது உக்காந்து சாப்பிடுற இடத்தை ஒரு தடவையாவது போய்ப் பாரு, அங்க அது எப்படிச் சிரிக்குதுன்னு பாரு. கூட வந்து நில்லுன்னு யாராச்சும் கூப்பிட்டா, டிவியை அணைச்சுட்டுப் போய் நில்லு. தப்புப் பண்ணினா அன்னைக்கே சொல்லிரு. நாள் கடத்தினா அது மேல இன்னொரு தப்பு வந்து உக்காரும், நான் முப்பத்தொரு தடவை அமுக்கின மாதிரி.

மணவறைப் பக்கத்துல என்ன வைக்கிறதுன்னு நீயே யோசிச்சுக்க. அந்தக் காலண்டர் முகம் மட்டும் வேணாம், அதை நான் கழட்டி வச்சுட்டேன். ஆதார் அட்டையில இருக்கிற மாதிரியே மங்கோட வச்சாலும் சரி, வெறும் பூவை வச்சாலும் சரி. பெட்டிக்கு அடியில ஒரு தகர டப்பா இருக்கும். அதுலதான் அந்தக் கறுப்புச் சுருளை வச்சிருக்கேன். தூக்கிப் போட எனக்கு மனசு வரல. அவ மேல பட்ட வெளிச்சம் நேரா வந்து விழுந்தது அதுலதானேன்னு வச்சிருக்கேன். அதுக்கு மேல என் பல்பு வெளிச்சமும் விழுந்துருச்சு. உனக்குக் கோவம் வரும், வரட்டும். ஒரு வாரம் பேசாம இருக்கணும்னு தோணினா இரு. ஆனா கல்யாணத்துக்கு முன்னால ஒரு தடவை ஊருக்கு வந்துட்டுப் போ.

வரும்போது கேமராவைக் கொண்டா. இப்ப நம்பர் முப்பத்திரெண்டுல நிக்கும், மிச்சம் நாலு இருக்கு. மாடிப்படிக்கிட்ட சாயங்காலம் வெளிச்சம் இப்பவும் நல்லாத்தான் இருக்கு, நான் தினம் பார்க்கிறேன். நீ கூப்பிடக்கூட வேணாம், நானே வந்து நிக்கேன். அவ நின்ன படியிலயே, ஒரு ஓரமா. எடுத்து முடிச்சதும் கையோட கழுவிரு. முப்பத்தொண்ணும் காலியா வரும், பயந்துராத. அடுத்தது காளியம்மாளும் மத்தவளுகளும். வந்திருக்கா வரலையான்னு சொல்லு, அவளுக கேப்பாளுக. என் பேச்சைக் கேட்டுச் சிவப்பு பல்பு எதுவும் போட்டுராதய்யா. முழு இருட்டுல கழுவு.